ஒரு நாள்கூட விட்டுப் போனதில்லை

1

இன்று காலை சமையல் மேடைமேல் வைத்திருந்த கைபேசி அலறியது. வழக்கமான மணியோசை இல்லை, ஆபத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் ஓசை. நாளை மதியம் முதல் பனிப்புயல், அவசியமில்லாமல் யாரும் வெளியே போகவேண்டாம் என்று அரசாங்கத்தின் எச்சரிக்கை. இங்கே அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் குளிர்காலத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி வரும். வந்ததும் ஊர்க்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பாலும் ரொட்டியும் வாங்கப் போவார்கள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்த மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நாளைக்குத்தானே புயல்? இன்னைக்கு வெயில் அடிக்குது. ஜன்னல்ல பாரு" என்றாள் ஆனி.

பார்த்தேன். வெயில்தான். ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை.

போன வருஷம் இதே ஜனவரியில் நாங்கள் புதுச்சேரியில் மாட்டிக்கொண்டிருந்தோம். ஊரில் விசாரித்தவர்களிடமெல்லாம் "விசா லேட்டாயிடுச்சி, வேற ஒண்ணுமில்ல" என்றே சொல்லிவைத்தோம். வேறொன்றும் இருந்தது. ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் நெல்லித்தோப்பில் பிறந்தவள். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபிறகு ஒரு லாட்ஜில் காவல் வேலை பார்த்து என்னையும் தங்கை பிலோமினாவையும் படிக்கவைத்தார். பிலோ இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். பிரெஞ்சு சொல்லித்தரும் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. என்னை அரியாங்குப்பத்து அந்தோணிக்குக் கொடுத்தார்கள். "ஆத்துக்கு அந்தாண்ட போறியே" என்று என் சிநேகிதிகள் வருத்தப்பட்டார்கள். இரண்டே வருஷத்தில் கடலுக்கு அந்தாண்ட வந்துவிட்டேன்.

அந்தோணி மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலையில் இன்ஜினியர். எங்கள் சிற்றூரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் சோளக்கொல்லைதான், அதற்கு மேல் வானம். வந்து பதினேழு வருஷமாகியும் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான வரிசையில் நிற்கிறோம். சில வருஷத்துக்கு ஒருமுறை விசா முடியும், புதுப்பிப்பார்கள். அதற்குள் வெளிநாடு போனால் திரும்பி வரப் புதிதாக முத்திரை வாங்கவேண்டும். ஆனி இங்கேயே பிறந்ததால் அவளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தும் இந்த நாட்டுக்காரி அவள் ஒருத்திதான்.

அது அவள் பேச்சிலும் தெரிய ஆரம்பித்தது. சின்ன வயதில் சளசளவென்று தமிழ் பேசிய பிள்ளை, பத்து வயதுக்குமேல் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பிறகு அந்தப் பதிலும் குறைந்தது. என் அப்பா இறந்து ஒரு வருஷமாகி, அந்த முதல் வருஷப் பூசைக்கு நாங்கள் ஊருக்குக் கிளம்பியபோது அவளுக்குப் பரீட்சை. "வரல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

"அப்ப நீ இரு ஸ்டெல்லா. நான் மட்டும் போய் பூசையில நின்னுட்டு வந்துர்றேன்" என்றார் அந்தோணி.

அப்பாவின் அடக்கத்துக்கு என்னால் போகமுடியவில்லை. அதனால் பூசைக்காவது போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். காரணம் அது மட்டுமில்லை. மீன் மார்க்கெட்டின் இரைச்சலைக் கேட்கவேண்டும், தெருவில் நாலு பேர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்றெல்லாம் ஆசையாக இருந்தது. மூன்று வாரம்தானே என்று ஆனியை டாரத்தி வீட்டில் விட்டோம். போகும்போது ஒரு நிபந்தனை போட்டேன்: "நாங்க வர்றவரைக்கும் என்கிட்ட தமிழ்லதான் பேசணும். இங்கிலீஷ்ல பேசினா போனை வச்சிருவேன்."

இந்த நிபந்தனையைப் போடாமல் இருந்திருக்கலாம்.

3

டாரத்திக்கு எண்பது வயது. ஊருக்கு வெளியே ஆறு மைல் தள்ளி, கொல்லைகளுக்கு நடுவே மரவீட்டில் தனியாக இருந்தார். இரண்டு கிழட்டுக் குதிரைகளை விற்க மனமில்லாமல் வைத்திருந்தார். என் விசாவில் வேலைக்குப் போக அனுமதியில்லாமல் நான் வீட்டில் கிடந்த வருஷங்களில், தேவாலயத்தில் பழக்கமானவர். வாரம் இரண்டு நாள் ரசம் கொண்டுபோவேன். மூக்கு ஒழுகக் குடிப்பார். ஆனி அங்கே போவது குதிரைகளுக்காக.

அந்த நிலம் டாரத்தியின் கொள்ளுத்தாத்தா ழானும் கொள்ளுப்பாட்டி ஓதீலும் வாங்கியது. வாங்கியது என்பதைவிட, குடியிருந்து பெற்றது என்று சொல்லவேண்டும். பிரான்சில் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி, அரசாங்கம் அளந்துவிட்ட நூற்றறுபது ஏக்கரில் ஐந்து வருஷம் வீடு கட்டிக் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தமாகும். கிழக்கிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், மரமே இல்லாத அந்தப் பொட்டலில் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல்போல அடுக்கி வீடு கட்டினார்கள்.

ஓதீல் எழுதிய நோட்டு ஒன்று டாரத்தியிடம் இருந்தது. பிரெஞ்சில் இருந்ததால் வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஓதீலின் மகன் லூயி, அதாவது டாரத்தியின் தாத்தா, பிரெஞ்சைச் சுத்தமாக மறந்துவிட்டாராம். "உங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் உண்டு என்றாயே? அவள் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று சாவதற்குள் தெரிந்துகொள்கிறேன்" என்று சொல்லி, துணியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தார்.

ஆக, பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒருத்தியின் நோட்டு, நெல்லித்தோப்பில் வாசிக்கப்படுவதற்காக என்னோடு விமானம் ஏறியது.

4

பூசை நல்லபடியாக முடிந்தது. சென்னையில் விசா நேர்காணலுக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண் சிரித்த முகமாகத்தான் கேட்டாள். எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, பிள்ளைகள் உண்டா.

"ஒரு மகள். அங்கே இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள்" என்றார் அந்தோணி.

பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் சில சரிபார்ப்புகள் பாக்கி இருக்கின்றன என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். எத்தனை நாளாகும் என்று அதில் இல்லை. கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் ஐந்து வாரமானது. தினமும் காலையில் அந்தோணி கைபேசியில் எங்கள் விசா விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்ப்பார். "அதேதான்" என்பார். பிறகு காப்பி குடிப்பார். பொங்கல் வந்து போனது. தெருவில் கோலம் மிதிபட்டு அழிந்தது. வந்த வாரத்தில் விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் இப்போது "எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொந்த ஊரில் இருந்துகொண்டே, கிளம்ப அனுமதி இல்லாமல் உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியாக இருந்தது.

பிலோ பள்ளியிலிருந்து திரும்பிய பிறகு, சாயங்காலம் தினமும் நோட்டில் இரண்டு மூன்று பக்கம் வாசித்து எனக்குத் தமிழில் சொல்வாள். கூரையிலிருந்து பாம்பு விழுந்த கதை, மழைக்காலத்தில் படுக்கைமேல் சேறு சொட்டிய கதை. ஓய்வில்லாமல் அடித்த காற்றைப் பற்றியே ஓதீல் பல பக்கங்கள் எழுதியிருந்தாள். ஒருநாள் பூர்வகுடிப் பெண் ஒருத்தி குழந்தையோடு வந்து, ழான் வெட்டிய கிணற்றையே வெகுநேரம் பார்த்து நின்றுவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் போனாளாம். அன்று தான் மிகவும் பயந்துவிட்டதாக ஓதீல் எழுதியிருக்கிறாள். அந்த இடம் முன்பு யாருடையது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒருநாள் பிலோ, "பூரோவுக்குப் போகணும்னு அந்தாளு சொல்றாரு" என்று வாசித்தாள்.

"மண்ணு வீட்டுல ஏதுடி பீரோ?"

"பீரோ இல்லக்கா, பூரோ. ஆபீஸு. அஞ்சு வருஷம் முடிஞ்சிடுச்சில்ல, நிலத்தைப் பேருக்கு எழுதி வாங்கணுமாம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கு அடுத்த நாளிலிருந்து பிலோ நோட்டைத் தொடவில்லை. பள்ளியில் வேலை அதிகம் என்றாள். தலைவலி என்றாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

5

அது ஒரு புதன்கிழமை. காலையில் பூசைக்குப் போயிருந்த நான், கோயிலைவிட்டு வெளியே வந்துதான் கைபேசியைப் பார்த்தேன். ஏழரை மணிக்கு ஆனியின் குரல்பதிவு ஒன்று வந்திருந்தது. ஏழரை என்றால் அங்கே முதல்நாள் இரவு எட்டு மணி. பனி பெய்யப் போகிறது என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். கோயில் வாசலில் நின்று காதில் வைத்துக் கேட்டேன். பின்னால் காற்று ஊளையிட்டது.

"அம்மா... டாரத்தி போயிட்டாங்க. லைட் இல்ல. எனக்கு... என்ன பண்றதுன்னு தெரியல. சார்ஜ் கம்மியா இருக்கு. ஓகே. ஓகே."

அவ்வளவுதான்.

திருப்பிக் கூப்பிட்டேன். இணைப்பே போகவில்லை. மறுபடி, மறுபடி. டாரத்தி வீட்டுத் தொலைபேசியும் செத்துக் கிடந்தது. வீடுவரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. பிலோ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பதிவைக் கேட்டதும் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, அந்தம்மா செத்துட்டாங்களாக்கா?"

"போயிட்டாங்கன்னு சொல்றா."

"அதான். போயிட்டாங்கன்னா வேற என்ன?"

அந்தோணி பதிவை மூன்று தடவை கேட்டார். "அவளுக்கு அந்த அர்த்தம் தெரியாது. வெளிய எங்கயோ போயிருக்காங்க, அதைச் சொல்றா" என்றார்.

"புயல்ல எண்பது வயசுக் கிழவி வெளிய எங்கங்க போவாங்க?"

டாரத்தி இறந்திருந்தால், இருட்டு வீட்டில் என் மகள் பிணத்தோடு தனியாக இருக்கிறாள். வெளியே போயிருந்தால், அவரைத் தேடிக்கொண்டு என் மகளும் வெளியே போவாள். எதை வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் பேசவிட்டிருந்தால் பிள்ளை நடந்ததைத் தெளிவாகச் சொல்லியிருப்பாள். என் பிடிவாதத்துக்காகத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள்.

அந்தோணி எங்கள் ஊர் அவசர உதவிக்குப் போன் செய்தார். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒருவன் கூப்பிட்டுப் புயலில் மகளைக் காணோம் என்றால் யாருக்கும் முதலில் புரியாது. பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பதற்றத்தில் "நெல்லித்தோப்பு" என்றார். மறுமுனையில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பெண், வெளியே கை நீட்டினால் கை தெரியவில்லை, பனி அள்ளும் வண்டிகளைக்கூடத் திரும்பச் சொல்லிவிட்டோம், காற்று அடங்கியதும் முதல் ஆளாக அங்கே அனுப்புகிறேன் என்றார். விடியும்வரை ஆகலாம் என்றார்.

அங்கே விடிய, இங்கே இரவு ஏழு மணியாகிவிடும். அவர் போனை வைத்தபோது எங்கள் கடிகாரத்தில் காலை ஒன்பதரைதான்.

6

அந்தப் பகல் முழுக்க வாசலில் வெயில் அடித்தது. பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குப் போகும் என்று செய்தியில் பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிக்குக் குருசுக்குப்பத்து மீன்கார ரோசலி கூடையை இறக்கினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். பிலோ சொன்னாள்.

ரோசலி தராசை எடுக்காமல் படியில் உட்கார்ந்தாள். "எங்க ஊட்ல அந்த வார்த்தைய யாரும் வாயில எடுக்கமாட்டோம்மா. புயல்ல ஆளு வரலன்னா, கடல்ல இருக்காருன்னுதான் சொல்லுவோம். எங்கூட்டுக்காரரு மூணு நாளு கடல்ல இருந்தாரு. நானு மூணு நாளும் அப்படியேதான் சொல்லினு இருந்தேன்."

"அப்புறம் வந்தாரா?"

"வந்தாரு. கூடப் போன அவுரு தம்பி வரல." கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். "உம் பொண்ணு அங்க இருக்குதுன்னே சொல்லும்மா. வேற ஒண்ணும் சொல்லாத."

சொல்லிப் பார்த்தேன். இருக்கிறாள், இருக்கிறாள். பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. எதையாவது செய்யாவிட்டால் கத்திவிடுவேன் போல இருந்தது. பிலோ அன்று விடுப்பு எடுத்திருந்தாள்.

"அந்த நோட்டை எடு. வாசி" என்றேன்.

"வேணாங்க்கா."

"மனசு வேற எதுலயாவது போகட்டும். வாசிடி."

"இன்னைக்கு வேணாம்." அவள் முகம் மாறியதைக் கவனித்தேன். அப்போதுதான் விளங்கியது. தலைவலியும் இல்லை, வேலையும் இல்லை. அவள் எனக்கு முன்னே போய் வாசித்து முடித்திருக்கிறாள்.

"என்ன இருக்கு அதுல? சொல்லு. நீ சொல்லலன்னா நான் என்னென்னமோ நெனச்சிக்குவேன்."

அவள் நோட்டைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, மனப்பாடமாகச் சொன்னாள்.

ஐந்தாவது குளிர்காலம். நிலத்தைப் பேருக்கு மாற்ற ழான் நகரத்து அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. வண்டியில் ஒரு நாள் பயணம். அவன் மட்டும் போனால் போதும். ஆனால் ஓதீலும் கூடப் போனாள். 'நான் போகவேண்டிய தேவை இல்லை. வேறொரு பெண்ணின் முகத்தைப் பார்த்து ஐந்து மாதமாகிறது. அந்த ஆசையில் போனேன்' என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வயதான மூத்த மகள் செலினிடம் நாலு வயதுத் தம்பி லூயியை ஒப்படைத்துவிட்டு, மறுநாள் வந்துவிடுவோம் என்று சொல்லிப் போனார்கள். அன்று நல்ல வெயில். செலின் கம்பளிக் கோட்டு இல்லாமல் நின்று கையசைத்தாள்.

அவர்கள் அலுவலகத்தில் நிற்கும்போது புயல் அடித்தது. ஜன்னல் வெளுத்துப்போய் எதிரே இருந்த தெரு காணாமல் போனது. அதிகாரி மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்து, சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்: இந்த ஐந்து வருஷத்தில் குடும்பத்தோடு நிலத்தை விட்டுப் போனதுண்டா?

'ஒரு நாள்கூட விட்டுப் போனதில்லை' என்று ழான் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தான். ஓதீல் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள்தான் வழி திறந்தது. வீட்டுக்குள் மேஜையில்லை, நாற்காலியில்லை. செலின் எல்லாவற்றையும் உடைத்து எரித்திருந்தாள். இருந்த துணி அனைத்தையும் கட்டிலில் குவித்து, நடுவில் தம்பியையும், கூடவே கதகதப்புக்கு நாலு கோழிகளையும் படுக்கவைத்திருந்தாள். லூயி உயிரோடு இருந்தான். எரிக்க வேறொன்றும் இல்லாமல், வைக்கோல் எடுக்கத் தொழுவத்துக்குப் போயிருக்கிறாள். தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, கையில் வைக்கோலோடு கிடந்தாள். வாசலுக்குப் பத்தடி தூரம்.

பிலோ அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. பல் கிட்டித்துக்கொண்டது. புதுச்சேரி மத்தியான வெயிலில் எனக்குக் குளிரெடுத்து உடம்பு உதறியது. பிலோ கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள். அந்தோணி உள்ளேயிருந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் சென்னையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பத்திரமாக இருக்கிறாள்.

7

மூன்று மணி. ஐந்து மணி. ஆறு மணிக்கு விளக்கு வைத்து, பிலோ செபமாலை சொல்ல ஆரம்பித்தாள். நான் பாதி வரிகளைத் தவறவிட்டேன். அந்தோணி கைபேசியைத் தரையில் வைத்து, அதன்முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழேகாலுக்கு அது அடித்தது. தெரியாத எண். ஆண்குரல். டாரத்தி வீட்டிலிருந்து இரண்டு மைலில் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், அவசர உதவிக்காரர்கள் சொன்னதைக் கேட்டு விடியற்காலையில் டிராக்டரில் போயிருக்கிறார். "ஒருத்தி பேசவேண்டும் என்கிறாள்" என்றார்.

"அம்மா."

அந்தோணிதான் "ஆனி! ஆனிம்மா!" என்று கத்தினார்.

"நல்லா இருக்கேன்பா. கால் விரல் மட்டும் வலிக்குது."

"டாரத்தி?" என்றேன்.

"இருக்காங்க. இடுப்பு உடைஞ்சிருக்கு. ஆம்புலன்ஸ் வருது."

"போயிட்டாங்கன்னு சொன்னியேடி!"

"ஆமா. குதிரைய பாக்க வெளிய போயிட்டாங்க. திரும்பி வரல. அதான் சொன்னேன்." எங்களுக்கு என்ன புரியவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை.

நடந்தது இதுதான். ஆறு மணிக்குக் குதிரைகளைப் பார்க்கப் போன டாரத்தி தொழுவத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்த ஆனி, அவசர உதவிக்கு இணைப்புக் கிடைக்காமல், எனக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தேடிக் கிளம்பியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு வேலிக் கம்பியைப் பிடித்தபடியே தொழுவம்வரை போய்ச் சேர்ந்திருக்கிறாள். அவரைத் தூக்க முடியவில்லை. திரும்பிப் போகவும் துணிச்சல் இல்லை. வைக்கோலை அவர்மேல் குவித்து, குதிரைகளின் கம்பளியைப் போர்த்தி, இரண்டு குதிரைகளையும் இருபக்கமும் நெருக்கி நிறுத்தி, விடியும்வரை அங்கேயே இருந்திருக்கிறாள்.

"ரொம்பப் பயந்துட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஐ வாஸ் ஃபைன்" என்றாள். ஆங்கிலத்தில் சொன்னதற்கு நான் போனை வைக்கவில்லை.

8

அதற்கும் மூன்று வாரம் கழித்துத்தான் பாஸ்போர்ட் வந்தது. அதுவரை டிராக்டரில் போனவரின் குடும்பம் ஆனியைப் பார்த்துக்கொண்டது. வந்து இறங்கியதும் மருத்துவமனைக்குப் போனோம். டாரத்தி இளைத்திருந்தார். பண்ணைக்கு இனித் திரும்பமுடியாது, முதியோர் இல்லம்தான் என்று முடிவாகியிருந்தது. "என் நோட்டு?" என்பதுதான் முதல் கேள்வி.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். பிலோ எழுதிக்கொடுத்த தாள்களை மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஆனியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சத்தியம் செய்த இடத்திலும், வைக்கோல் இடத்திலும் டாரத்தி அசையவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார்: "அவளுக்கு எத்தனை வயது என்றாய்?"

"பன்னிரண்டு."

பண்ணையிலிருந்து வரவழைத்து அலமாரியில் வைத்திருந்த அவர்கள் குடும்பத்துப் பழைய வேதப்புத்தகத்தை எடுக்கச் சொன்னார். முதல் பக்கத்தில் பிறப்பு இறப்பெல்லாம் எழுதியிருந்தது. செலின் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில், 'எட்டு மாதக் குழந்தை, காய்ச்சல்.'

"குழந்தை என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்" என்றார் டாரத்தி. "என் தாத்தாவுக்கு நாலு வயது. அவருக்கு அக்காவை நினைவிருந்திருக்கும். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்." வெகுநேரம் அந்தப் பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஆனியின் பக்கம் திரும்பாமல், அவள் கையை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டார்.

ஓதீல் பிரெஞ்சில் எழுதிவைத்தாள். மகனுக்கு அந்த எழுத்தைச் சொல்லித்தரவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே சொல்லித்தரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். நானும் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும். படிக்க வராது.

அதனால் சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் எதிரே உட்காரவைத்து, இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். வெளியே இன்னும் காற்று கிளம்பவில்லை. விசா, பூரோ எல்லாவற்றுக்கும் சிரித்தாள். ஏழாவது பகுதியில் நிறுத்தச் சொன்னாள்.

"ஃபைன்னு சொன்னேன்ல. அது பொய்மா."

"தெரியும்."

"பயம் மட்டும் இல்ல. நைட் ஃபுல்லா உன் மேல கோவமா இருந்தேன். செத்தா நீ வந்து பாக்கணும்னு நெனச்சேன். நீ ஏன்மா போன? அப்பா மட்டும் போயிருக்கலாம்ல?"

தாத்தா பூசை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பாதி உண்மைதான்.

"போகணும்னு ஆசையா இருந்துச்சி. நான் போகவேண்டிய தேவை இல்ல. ஆசையில போனேன்."

அழுவாள், அல்லது எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளைக் குனிந்து பார்த்தாள்.

"இதையும் எழுது" என்றாள். "எழுதிட்டு, மேல படி."